ஐரோப்பாவில் பொதுச் சுகாதாரம் யார் கையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் குடியிருக்கிறேன். மருத்துவமனைகளில் தமிழர்களுக்கு மொழிபெயர்க்கப் போவது என் வேலை. அதனாலோ என்னவோ, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளிலும் ஐரோப்பியச் சுகாதாரக் கொள்கை பற்றி ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்த நாடுகள் சுகாதாரத்தில் எந்த அளவுக்குச் சேர்ந்து வேலை செய்கின்றன, அவற்றின் அரசியல்வாதிகள் ஏன் சில நேரம் கைகோர்க்கிறார்கள், சில நேரம் கையை உதறுகிறார்கள் என்பதே எல்லோருடைய சந்தேகமும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"ஐரோப்பிய ஒன்றியத்துக்குன்னு ஒரு சுகாதார அமைச்சர் இருக்காரா?"

அமைச்சர் இல்லை, ஆணையர் உண்டு. ஒன்றியத்தின் அரசு போல இயங்குவது பிரசல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம். அதில் நாட்டுக்கு ஒருவராக 27 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சுகாதாரத்தைக் கவனிக்கிறார். 2014 முதல் 2019 வரை லிதுவேனியாவின் வீட்டெனிஸ் ஆண்ட்ரியுகைடிஸ், அப்புறம் சைப்ரஸின் ஸ்டெல்லா கிரியாகிடெஸ் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். 2024 டிசம்பரில் ஹங்கேரியின் ஒலிவேர் வார்ஹேயி பொறுப்பேற்றார்.

ஆனால் இந்த ஆணையரின் கீழ் ஒரு மருத்துவமனை கூடக் கிடையாது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் 168-வது பிரிவு சுகாதாரம் பற்றியது. மருத்துவ சேவையை எப்படி அமைப்பது, எப்படி நடத்துவது, பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் பொறுப்பு என்று அது தெளிவாகச் சொல்கிறது. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு பிரிவில்தான் வந்து நிற்கும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப பிரசல்ஸுக்கு என்னதான் வேலை?"

எல்லையைத் தாண்டிப் போகிற விஷயங்கள் அதன் வேலை. தொற்றுநோய்களைக் கண்காணிக்க ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ஐரோப்பிய நோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. சார்ஸ் பயத்துக்குப் பிறகு 2004-ல் சட்டம் போட்டு 2005-ல் இயங்கத் தொடங்கிய மையம் அது. புதிய மருந்துகளைப் பரிசீலிக்க ஐரோப்பிய மருந்துகள் முகமை இருக்கிறது. முதலில் லண்டனில் இருந்த அது, பிரெக்ஸிட் காரணமாக 2019-ல் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. உணவுப் பாதுகாப்புக்கு இத்தாலியின் பார்மா நகரில் ஒரு முகமை உண்டு. கொரோனாவுக்குப் பிறகு, 2021-ல், அவசர காலத்துக்கு மருந்தும் கருவியும் தயாராக இருப்பதைப் பார்த்துக்கொள்ள 'ஹெரா' என்ற பிரிவைத் தொடங்கினார்கள்.

"இது கொரோனாவுக்குப் பிறகு வந்த யோசனையா?"

இல்லை, பழையது. 1985-ல் மிலானில் கூடிய தலைவர்கள் புற்றுநோய்க்கு எதிராக ஒரு கூட்டுத் திட்டம் வேண்டும் என்றார்கள். பிரான்ஸ் அதிபர் மித்தரானும் இத்தாலியப் பிரதமர் கிராக்ஸியும் அதை முன்னெடுத்தவர்கள். ஒப்பந்தத்தில் பொதுச் சுகாதாரத்துக்கு என்று தனிப் பிரிவு வந்தது 1992-ல், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில்.

பெரிய உலுக்கல் 1996 மார்ச்சில் வந்தது. மாடுகளைத் தாக்கிய மூளை நோய் மனிதர்களுக்கும் பரவியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதியை ஒன்றியம் தடை செய்தது. அதுவரை உணவும் மருந்தும் வணிகச் சரக்கு என்றுதான் பிரசல்ஸில் பார்த்து வந்தார்கள். ஒரு நாட்டின் பண்ணையில் நடக்கும் தவறு இன்னொரு நாட்டின் சாப்பாட்டு மேசைக்கு வரும் என்பது அப்போதுதான் அரசியல்வாதிகளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால், ஒவ்வொரு அடியும் ஒரு நெருக்கடிக்குப் பின்னால்தான் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது எனக்கு வருத்தம்தான்.

"நாங்கள் சுவிஸில இருக்கிறம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமோ?"

ஓரளவுக்கு. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, மேலே சொன்ன நோய்க் கண்காணிப்பு மையத்திலும் உறுப்பினர் இல்லை. நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் அந்த மையத்தின் வேலையில் பங்கு பெறுகிறது.

அன்றாடத்தில் நமக்கு உதவுவது ஐரோப்பியச் சுகாதாரக் காப்பீட்டு அட்டை. சுவிட்சர்லாந்து, நார்வே, பிரிட்டன் வரைக்கும் அது செல்லும். பயணத்தில் திடீரென்று நோய் வந்தால் அந்த நாட்டு மக்களுக்குக் கிடைக்கும் அதே அரசு மருத்துவம் உங்களுக்கும் கிடைக்கும். திட்டமிட்டுப் போய்ச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு அது ஆகாது. இன்னொன்று: இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு டென்மார்க், ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் இந்த அட்டை பொதுவாகச் செல்லாது. கிளம்புமுன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

"நீங்க அடிக்கடி ஒரு லிதுவேனியா டாக்டரைப் பத்திச் சொல்றீங்களே, யார் அவர்?"

முதல் பதிலில் சொன்ன ஆண்ட்ரியுகைடிஸ். சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட லிதுவேனியக் குடும்பத்தில், யாகுத்தியாவில் 1951-ல் பிறந்தவர். இதய அறுவை மருத்துவர். 1990 மார்ச் 11 அன்று லிதுவேனியாவின் விடுதலையை அறிவித்த ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். பிறகு தன் நாட்டின் சுகாதார அமைச்சர், அதன் பின் ஐரோப்பிய ஆணையர், 2024-லிருந்து ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். சிறிய நாட்டின் அமைச்சராகவும் பெரிய கூட்டமைப்பின் ஆணையராகவும் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர் என்பதால்தான் அவரை உதாரணமாகச் சொல்கிறேன்.

ஏறக்குறைய 30 லட்சம் மக்கள்தொகை உள்ள நாடு லிதுவேனியா. மிக அரிய நோய் ஒன்றுக்கு அங்கே சிறப்பு மருத்துவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். ஒன்றியத்தின் கணக்கில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் வராத நோய் அரிய நோய். அப்படி ஆயிரக்கணக்கான நோய்கள் உண்டு. 2017-ல் அவர் ஆணையராக இருந்தபோது 24 'ஐரோப்பியக் குறிப்பு வலையமைப்புகள்' தொடங்கின. தொடக்க விழா வில்னியஸில் நடந்தது. நோயாளி ஊரிலேயே இருப்பார், அவருடைய பரிசோதனை முடிவுகள் பல நாட்டு நிபுணர்களிடம் போகும், கருத்து திரும்பி வரும். இதைவிட நேர்மையான கூட்டுறவு ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

அவர் காலத்தில் வந்த இன்னொரு சட்டம் எண்ணெய் பற்றியது. ஆலைகளில் உண்டாகும் மாறுபக்கக் கொழுப்பு (டிரான்ஸ் ஃபேட்) இதய நோய்க்கு வழி. டென்மார்க் 2003-லேயே அதைக் கட்டுப்படுத்தியது. 2019-ல் ஒன்றியம் முழுவதற்கும் 100 கிராம் கொழுப்பில் 2 கிராம்தான் என்று வரம்பு வந்தது, 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமானது. இதய அறுவை செய்து பழகிய ஒருவர், அந்த நோயாளி அறுவை மேசைக்கே வராமல் தடுக்கச் சட்டத்தின் வழியாக முயன்றிருக்கிறார். தடுப்பதுதான் முதல் மருத்துவம் என்பது அவருடைய அரசியல், அதில் எனக்கும் உடன்பாடு.

"கொரோனா வந்தப்போ ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு முகக்கவசம் கூடக் குடுக்கலையே. இதுதான் கூட்டுறவா?"

நியாயமான கோபம். 2020 பிப்ரவரி இறுதியில் இத்தாலி உதவி கேட்டது. உடனே யாரும் முன்வரவில்லை. மார்ச் தொடக்கத்தில் ஜெர்மனி முகக்கவச ஏற்றுமதிக்குத் தடை போட்டது, பிரான்ஸ் கையிருப்பைக் கைப்பற்றியது. மார்ச் 12 அன்று சீனாவின் விமானம் ரோமில் உதவிப் பொருட்களை இறக்கியது. பக்கத்து வீடுகள் கதவைச் சாத்தியிருந்தபோது வந்த விமானம் என்பதால் அந்தக் காட்சி இத்தாலியர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது. ஏப்ரல் 16 அன்று ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று இத்தாலியிடம் மனமார மன்னிப்புக் கேட்டார்.

தடை போட்ட அமைச்சர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வாக்களித்தவர்கள் அவர்களுடைய நாட்டு மக்கள். தன் ஊர்ச் செவிலியருக்கு முகக்கவசம் இல்லாதபோது லாரியை எல்லை தாண்ட விட்டால், மறுநாள் அவருடைய நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியது அவர். மருத்துவமனை நாட்டின் பொறுப்பு என்று 168-வது பிரிவு சொல்வதன் மறுபக்கம் இது. பொறுப்பு உள்நாட்டில் இருந்தால் பயமும் உள்நாட்டில்தான் இருக்கும்.

அதே மார்ச்சில் நடந்த இன்னொன்றும் உண்மை. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தீர்ந்தபோது ஜெர்மனி, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து மருத்துவமனைகள் நோயாளிகளை ஏற்றுக்கொண்டன. இத்தாலியின் லொம்பார்டியிலிருந்தும் நோயாளிகள் ஜெர்மனிக்கு வந்தார்கள்.

"தடுப்பூசியைச் சேர்ந்து வாங்கினது லாபமா நஷ்டமா?"

என் கருத்தில் லாபம், குறைகளோடு. 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது ஒவ்வொரு நாடும் தனித்தனியாக நிறுவனங்களோடு பேரம் பேசி, ஒன்றோடொன்று போட்டி போட்டது. அந்தப் பாடத்தால் கூட்டுக் கொள்முதலுக்கு 2014-ல் ஓர் உடன்பாடு வந்தது. ஆனாலும் 2020 ஜூனில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து நான்கும் முதலில் தனியாகக் கிளம்பின. சிறிய நாடுகளுக்குக் கலக்கம். சில நாட்களிலேயே பொறுப்பு ஆணையத்துக்கு வந்து, 27 நாடுகளுக்கும் மக்கள்தொகைப்படி பங்கு என்று முடிவானது. 2020 டிசம்பர் 27-ஐ ஒட்டி எல்லா நாடுகளிலும் ஊசி போடத் தொடங்கினார்கள். மால்டாவும் ஜெர்மனியும் ஒரே வரிசையில் நின்றன.

2021-ன் முதல் மாதங்களில் ஆஸ்ட்ராஜெனெகாவின் விநியோகம் பெருமளவு குறைந்தது, வழக்கு வரை போனது. பிரிட்டன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹங்கேரி காத்திருக்க முடியாது என்று, ஐரோப்பிய முகமையின் அனுமதி இல்லாத ரஷ்ய, சீனத் தடுப்பூசிகளைத் தன் மக்களுக்குப் போட்டது. பின்னாளில் தேவைக்கு மேல் வாங்கிவிட்டோம் என்று போலந்தும் ஹங்கேரியும் மீதி ஊசிகளை ஏற்க மறுக்க, ஃபைசர் 2023-ல் அவற்றின் மேல் பிரசல்ஸில் வழக்குப் போட்டது.

"ஒப்பந்தத்தை மறைச்சாங்க, குறுஞ்செய்தில பேரம் பேசினாங்கன்னு சொல்றாங்களே?"

தடுப்பூசி ஒப்பந்த விவரங்களை ஆணையம் போதுமான அளவு வெளியிடவில்லை என்று 2024 ஜூலை 17 அன்று ஐரோப்பியப் பொது நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். ஃபொன் டெர் லையனும் ஃபைசர் தலைவரும் பரிமாறிய குறுஞ்செய்திகளைத் தர மறுத்த ஆணையத்தின் முடிவை, 2025 மே 14 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது.

கூட்டுறவு வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். 27 நாடுகளின் மக்கள் பணத்தில் வாங்கியதற்கு 27 நாடுகளின் மக்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

"அதிகாரம் இல்லைங்கறீங்க, ஆனா சிகரெட் பெட்டில படம் போடச் சொன்னது பிரசல்ஸ்தானே?"

இது நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் நீளும். 168-வது பிரிவு சுகாதாரத்துக்காக நாடுகளின் சட்டங்களை ஒன்றாக்குவதை விலக்கி வைக்கிறது. இரத்தம், உறுப்புகள், மருந்துத் தரம் போன்ற சில விஷயங்களில் மட்டும் விதிவிலக்கு. அதனால் புகையிலைச் சட்டங்கள் வேறு வாசல் வழியாக வருகின்றன. அந்த வாசல் சந்தை. பெட்டிகள் எல்லை தாண்டி விற்கப்படுகின்றன, நாட்டுக்கு ஒரு விதி இருந்தால் வணிகம் தடைப்படும், ஆகவே பொது விதி வேண்டும் என்று வாதம் போகும்.

இந்த வாசலின் அகலம் எவ்வளவு என்பதை நீதிமன்றம் அளந்து காட்டியது. 1998-ல் ஒன்றியம் புகையிலை விளம்பரத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் தடை செய்தது. ஜெர்மனி வழக்குப் போட்டது. சுவரொட்டிக்கும் திரையரங்க விளம்பரத்துக்கும் எல்லை தாண்டிய வணிகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, 2000 அக்டோபரில் நீதிமன்றம் சட்டத்தை முழுவதுமாக ரத்து செய்தது. 2003-ல் பத்திரிகை, வானொலி, இணையம், எல்லை தாண்டிய நிகழ்ச்சிகளுக்கான நிதியுதவி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு திரும்ப வந்தார்கள். ஜெர்மனி மறுபடி வழக்குப் போட்டு 2006-ல் தோற்றது. 2014-ல் வந்த சட்டம்தான் பெட்டியின் முன்னும் பின்னும் 65 சதவீதம் படமும் எச்சரிக்கையும் வேண்டும் என்றது, மெந்தால் சிகரெட்டை 2020 மே மாதத்தோடு நிறுத்தியது.

புகையிலையில் துணிச்சலான முடிவை எடுத்தது ஒரு நாட்டு அமைச்சர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து, மதுக்கடைகள் உட்பட எல்லா வேலையிடங்களிலும் புகைக்கத் தடை விதித்தது. நாடு முழுவதற்கும் அப்படிச் செய்த முதல் நாடு அது. அப்போது சுகாதார அமைச்சர் மிஹால் மார்ட்டின், பின்னாளில் அந்நாட்டின் பிரதமர். மற்ற நாடுகள் அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. சட்டத்தால் ஒன்றாக்குவது போலவே, பார்த்துப் பழகுவதும் ஒரு கூட்டுறவு.

"வேற நாட்டுக்குப் போய் வைத்தியம் பாத்தா நம்ம காப்பீடு பணம் தருமா?"

தரும், நிபந்தனைகளோடு. லக்சம்பர்க்கில் காப்பீடு இருந்த ஒரு தந்தை தன் மகளுக்குப் பல் சீரமைக்க ஜெர்மனியின் டிரியர் நகருக்குப் போக விரும்பினார். காப்பீடு மறுத்தது. இன்னொருவர் பெல்ஜியத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கினார், அதற்கும் மறுப்பு. 1998 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் இருவர் பக்கமும் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புகளின் வழியில் 2011-ல் சட்டமே வந்தது. உங்கள் நாட்டில் அதே சிகிச்சைக்கு எவ்வளவு தருவார்களோ அவ்வளவு திரும்பக் கிடைக்கும். மருத்துவமனையில் தங்க வேண்டிய சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்கலாம். பணத்தை முதலில் நாமே கட்ட வேண்டும் என்பதால் வசதி குறைந்தவர்களுக்கு இது எட்டுவதில்லை. என் வேலையில் இதை நேரில் பார்க்கிறேன்.

"ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரின்னு எங்கயாவது உண்டா?"

உண்டு. பைரனீஸ் மலையில் செர்தான்யா என்ற பள்ளத்தாக்கு பாதி பிரான்ஸ், பாதி ஸ்பெயின். பிரெஞ்சுப் பக்கத்தவர்களுக்குப் பெரிய மருத்துவமனை தொலைவில், பெர்ப்பினியானில். பனிக்காலத்தில் மலைப்பாதை ஆபத்தானது. 2014-ல் ஸ்பெயின் பக்கம் புச்செர்தாவில் இரு நாட்டுக்குமான மருத்துவமனை திறக்கப்பட்டது. கட்டுமானச் செலவில் 60 சதவீதம் ஒன்றியத்தின் நிதி.

கட்டடத்தை எழுப்பியதைவிடக் காகித வேலைதான் கடினமாக இருந்தது. பிரெஞ்சுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிய வேண்டியது ஸ்பெயினில். இறந்தவரின் உடலைச் சில கிலோமீட்டர் தள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதாகக் கணக்கானது. கூட்டுறவு பற்றி மேடையில் பேசுகிற எந்த அரசியல்வாதியும் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் நல்லது.

"அதே மாத்திரை இங்க ஒரு விலை, பக்கத்து நாட்டுல ஒரு விலை. ஏன்?"

மருந்துக்கு அனுமதி பொதுவாகக் கிடைக்கலாம், விலையும் காப்பீட்டில் சேர்ப்பதும் நாட்டுக்கு நாடு தனி. காரணம் மறுபடி 168. ஜெர்மனி போன்ற நாடுகளில் பிஸ்மார்க் காலத்திலிருந்து, 1883 முதல், காப்பீட்டு நிதியத்தில் மருத்துவம் நடக்கிறது. டென்மார்க், ஸ்பெயின், இத்தாலியில் வரிப் பணத்தில் நடக்கிறது. ஒவ்வொரு நாடும் உண்மையில் கொடுக்கும் விலை பெரும்பாலும் இரகசியம் என்பதால் சிறிய நாடுகள் இருட்டில் பேரம் பேசுகின்றன. அதனால்தான் 2015-ல் பெல்ஜியமும் நெதர்லாந்தும், 2017-ல் மால்டாவின் வலெட்டாவில் கூடிய தென் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து பேரம் பேசக் குழு அமைத்தன. புதிய மருந்து உண்மையில் பழையதைவிடப் பயன்தருமா என்பதை 2025 ஜனவரி முதல் கூட்டாக மதிப்பிடுகிறார்கள், முதலில் புற்றுநோய் மருந்துகளுக்கு. விலை மட்டும் இன்னும் தனித்தனிதான்.

"தமிழ்நாட்டுல இருக்கற எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு நேரடிச் சம்பந்தம் சொல்கிறேன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இயங்கிய ஓர் ஆய்வு நிறுவனத்தின் மருந்துப் பரிசோதனைத் தரவுகளை நம்ப முடியாது என்று கண்டு, அதை ஆதாரமாக வைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட மருந்துகளை நிறுத்தி வைக்க ஐரோப்பிய மருந்துகள் முகமை 2017-ல் பரிந்துரைத்தது. ஒரு நாடு தனியாக எல்லா ஊருக்கும் ஆய்வாளர்களை அனுப்ப முடியாது, சேர்ந்தால் முடியும். நம் ஊரில் செய்யும் வேலையின் தரத்தை அவர்கள் பார்க்கிறார்கள், அதில் நமக்கும் நன்மை உண்டு.

"இவ்வளவு பட்ட பிறகும் ஏன் அதிகாரத்தைப் பிரசல்ஸுக்குக் குடுக்க மாட்டேங்கறாங்க?"

ஆண்ட்ரியுகைடிஸ் போன்றவர்கள் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பியச் சுகாதார ஒன்றியம் வேண்டும் என்று 2020-ல் அறிக்கை விட்டவர்களில் அவரும் ஒருவர். 2023 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒரு தொகுப்பாக ஒப்பந்தத் திருத்தங்களைக் கேட்டது, சுகாதாரத்தை ஒன்றியமும் நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் அதிகாரமாக மாற்றுவது அவற்றில் ஒன்று. ஆதரவு 291, எதிர்ப்பு 274. இவ்வளவு நெருக்கமான எண்ணிக்கையே எதிர்ப்பின் பலத்தைச் சொல்லும். திருத்தம் வர எல்லா நாடுகளும் ஒப்ப வேண்டும்.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் குறுகிய மனம் கொண்டவர்கள் இல்லை. ஜெர்மனியில் மருத்துவமனைத் திட்டமிடல் மாநிலங்களின் கையில், ஸ்பெயினில் தன்னாட்சிப் பகுதிகளின் கையில். ஏற்கெனவே கீழே கொடுத்த அதிகாரத்தை மேலே எப்படித் தருவது? கருக்கலைப்பு போன்ற விஷயங்களில் தங்கள் சட்டத்தைப் பிரசல்ஸ் தொட்டுவிடுமோ என்ற அச்சமும் உண்டு. வார்ஹேயி பதவியேற்குமுன் இனப்பெருக்கச் சுகாதாரமும் நெருக்கடித் தயார்நிலையின் ஒரு பகுதியும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டு பெல்ஜியத்தின் ஹாஜா லாபிபிடம் போனதே, அந்த நம்பிக்கைக் குறைவு இரு பக்கமும் இருப்பதைக் காட்டுகிறது. ஆனாலும் தொற்றுநோய்க் கண்காணிப்பு, அவசர மருந்து இருப்பு, அரிய நோய் ஆகிய மூன்றிலாவது உறுதியான பொது அதிகாரம் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மருத்துவமனைகள் அவரவரிடமே இருக்கட்டும்.

"பணம் ஒதுக்கறாங்களா, வெறும் பேச்சா?"

ஒன்றியத்தின் எதிர்காலத்துக்குப் பல வழிகளைச் சொல்லி 2017-ல் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு வழியில், ஒன்றியம் குறைத்துக்கொள்ளலாம் என்ற துறைகளில் பொதுச் சுகாதாரமும் இருந்தது. மூன்று வருடம் கழித்து, 2020 மே மாதம், அதே ஆணையம் சுகாதாரத் திட்டத்துக்கு 940 கோடி யூரோ கேட்டது. ஜூலையில் கூடிய தலைவர்கள் அதை 170 கோடியாக வெட்டினார்கள். நாடாளுமன்றம் போராடி 500 கோடிக்கு மேல் மீட்டது. பிறகு 2024-ல் அதிலிருந்து 100 கோடி மறுபடி வெட்டப்பட்டது. பயம் இருந்தபோது ஏறிய தொகை, பயம் தணிந்ததும் இறங்கியது. 2028-லிருந்து தொடங்கும் நிதித் திட்டத்துக்கு ஆணையம் வைத்த முன்மொழிவில் சுகாதாரத்துக்குத் தனித் திட்டமே இல்லை, போட்டித்திறன் நிதியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது.

"இதுல எங்களுக்கு ஓட்டு இருக்கா அக்கா?"

ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை இருந்தால் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஜெர்மனியில் 2024 தேர்தலிலிருந்து 16 வயதிலேயே வாக்குரிமை உண்டு. அந்த நாடாளுமன்றத்தில் பொதுச் சுகாதாரத்துக்கு 2025-லிருந்து தனி நிலைக்குழுவே இயங்குகிறது. அதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு எழுதலாம், வாக்குரிமை இல்லாதவர்களும் எழுதலாம். அடுத்த தேர்தல் 2029-ல். இன்று தமிழ்ப் பள்ளி எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது முதல் வாக்கு.